டிஃபால்ட்டில் பதினான்கு பேர்

போன வாரம் எங்கள் அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினேன். இரண்டே வரி, கீழே சில பெயர்கள். எழுத்துப் பிழை கிடையாது. சந்திப் பிழைகூடக் கிடையாது. இருந்தும் அந்தத் தாள் ஒருவரை வேலையை விட்டே அனுப்பப் பார்த்தது.

அதில் இருந்தது இதுதான்: 'கீழ்க்கண்ட பதினான்கு பேரும் டிஃபால்ட்டில் இருக்கிறார்கள். வியாழக்கிழமை முதல் இவர்களுக்கு மாற்றம் செய்யப்படும்.' பெயர்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். அதில் எனக்கு ஒரு திருப்தி வேறு.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதைப் படித்தால் ஒரு தப்பும் சொல்ல மாட்டார்கள். டிஃபால்ட் என்றால் யாரும் கை வைக்காதபோது இயந்திரம் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு. அவ்வளவுதான். ஆனால் எங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது? செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் போகும் வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். மனு, பிராது, வாக்குமூலம் என்று வழக்குக் காகிதங்களைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

கோர்ட் பக்கம் டிஃபால்ட் என்றால் வேறு அர்த்தம். வாய்தா அன்றைக்கு ஆஜராகாமல் போவது. பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை, கேஸ் தள்ளுபடி. "டிஃபால்ட்ல பூட்சிப்பா" என்று வக்கீல் குமாஸ்தாக்கள் எங்கள் படிக்கட்டில் பேசிக்கொண்டு ஏறுவதை நான் தினமும் கேட்கிறேன். தினமும் கேட்டும், நோட்டீஸில் அந்த வார்த்தையையே போட்டேன்... ஆளையே மாற்றப் போகிறார்கள் என்று படிக்கும்படி 'மாற்றம்' என்பதையும் சேர்த்து.

சரி, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் இருபத்திரண்டு கம்ப்யூட்டர்கள். அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. தட்டச்சு மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருந்தது. அதோடு சேர்த்து எல்லா இயந்திரங்களின் முகப்பையும் ஒழுங்குபடுத்தச் சொன்னார் எங்கள் முதலாளி தனசேகர் சார். பின்னணிப் படம், எழுத்தின் அளவு, தானாகச் சேமிக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக விசைப்பலகை முறை.

"இன்னா மேடம் இது, ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு தினுசா கீது. ஒருத்தன் லீவு போட்டா அவன் சீட்டுல இன்னொருத்தன் ஒக்கார முடியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். திங்கக்கெயம காலைல நான் வந்து பாப்பேன்."

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு என் பட்டியல் பைத்தியம் தெரியும். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் பட்டியல் போடுவேன். அதனால் ஒரு வாரம் இயந்திரம் இயந்திரமாகச் சுற்றி, யார் எதை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று குறித்தேன்.

இடதுகைக்காரர் ஒருவர் மவுஸின் இரண்டு பட்டன்களையும் இடம் மாற்றியிருந்தார். கண்ணாடி போட வெட்கப்படும் ஒருவர் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். இளைஞன் சுகுமாரின் திரையில் முட்டுக்காடு போட் ஹவுஸ் படம் — அவனும் ஒரு படகும் நிற்கிறார்கள், படகு பாதிதான் தெரிகிறது. வேறொருவர், அழித்த கோப்புகள் போய்க் கிடக்கும் ரீசைக்கிள் பின்னுக்கு 'மேல்முறையீடு' என்று பெயர் வைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியான பெயர் அதற்குக் கிடையாது.

இதையெல்லாம் ஒரே இரவில் துடைத்துவிட்டு என் விருப்பப்படி அடுக்குவதற்கு எனக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அது அடுத்தவர் சமையலறைக்குள் நுழைந்து அஞ்சறைப்பெட்டியை மாற்றி அடுக்குவது மாதிரி. கடுகு எங்கே என்று கேட்கும் உரிமையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வது.

அதனால் ஒரு விதி வைத்தேன். எதையாவது மாற்றி வைத்திருப்பவர்களைத் தொடக் கூடாது. எதையும் மாற்றாமல் டிஃபால்ட்டிலேயே இருப்பவர்களுக்கு மட்டும் புதிய அமைப்பு. இதைத் தானாகவே செய்யும் சின்ன நிரல் ஒன்றும் எழுதினேன். ஒவ்வொரு இயந்திரத்திலும் பழைய டிஃபால்ட் என்ன, இப்போது இருப்பது என்ன என்று ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மாற்றும். வேறாக இருந்தால் விலகிவிடும். விசைப்பலகைக் கணக்கில் எட்டுப் பேர் மாற்றியவர்கள், பதினான்கு பேர் மாற்றாதவர்கள் என்று பட்டியல் வந்தது.

அழகான விதி. அதில் ஒரு ஓட்டை இருந்தது.

விசைப்பலகை பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில் 'கெ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க. கண் பார்க்கிற வரிசை. தமிழ்99 என்ற புதிய முறையில் முதலில் க, பிறகு எ. இரண்டும் சேர்ந்து கெ ஆகிவிடும். வாய் சொல்கிற வரிசை. 'க்க' வேண்டுமா? க-வை இரண்டு தடவை தட்டினால் போதும், புள்ளி தானாக வந்து உட்காரும். நம் மொழிக்காக யோசித்து யோசித்துச் செய்தது என்பது ஒவ்வொரு விசையிலும் தெரியும். எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

அந்தப் பெருமையோடுதான் வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ஒன்பதாம் எண் இயந்திரத்தில் நிரலை ஓட்டிப் பார்த்தேன். சோதனைக்கு ஒரே ஒரு இயந்திரம். மெஹருன்னிசா அக்காவுடையது.

மெஹர் அக்காவுக்கு பஜாரில் வீடு. கணவர் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். அக்கா டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவர். கோர்ட் வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்த காலத்திலிருந்து இதே தொழில்தான். எங்கள் மாடியில் அவருடைய வேகத்துக்குப் பக்கத்தில் யாரும் கிடையாது. எதற்கும் பதறாதவர் என்பதால்தான் அவர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நோட்டீஸ்தான் ஒட்டியாகிவிட்டதே, தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

வேலை முடிந்ததும் டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அக்கா அன்று தலைவலி என்று சீக்கிரமே கிளம்பிவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை நான் வந்து பையைக்கூட வைக்கவில்லை. சுகுமார் எதிரே வந்தான்.

"மேடம், மெஹர் அக்கா வேலைய வுட்டு நிக்கறாங்களாம். சார் வந்தவொடனே லெட்டர் குடுக்கப் போறாங்க."

"ஏன்?"

"இன்னா மேடம், நீங்களே கேக்கறீங்க. அவ்ளோ சர்வீஸ் ஆனவங்கள டிஃபால்ட்டுனு போர்டுல போட்டுட்டு... அடுத்தது இன்னா, வாரண்ட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனசேகர் சார் மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருபவர். அவர் படியேற இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

அக்கா ஒன்பதாம் எண் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேலே போர்த்திய பிளாஸ்டிக் கவரை எடுக்கவில்லை.

"என்னக்கா, கவர்கூட எடுக்கல?"

"எடுத்து இன்னா ஆவப்போவுது. அதான் பேரு போட்டுட்டியே."

"அக்கா, அது வந்து..."

"உன்ன தப்பு சொல்லலம்மா. நீ பாத்துட்ட, போட்டுட்ட. தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம். வர்ற போற குமாஸ்தால்லாம் படிக்கிற எடத்துல ஒட்டினியே, அதான்."

"நான் எதைப் பாத்தேன்?"

அக்கா வலது கையை என் முன்னால் விரித்தார். "இத்த. ரெண்டு மாசமா மரத்துப் போவுது. சுண்டுவெரலும் பக்கத்து வெரலும். டாக்டராண்ட போய்கினுதான் கீறேன். வூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. உனக்கு எப்டித் தெரிஞ்சுதுன்னுதான் ராத்திரியெல்லாம் ரோசன."

எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

கைப்பையைத் திறந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "நேத்து மத்தியானம் அடிச்சது. ஒரு மனு. பக்கம் முடிச்சு தல தூக்கிப் பாத்தா இந்த லட்சணம். ஸ்க்ரீன்தான் கோளாறுன்னு நெனச்சு பிரிண்ட் எடுத்தேன். பிரிண்ட்லயும் அதே. வெரலு எடம் மாறிப் போனதுகூடத் தெரியாம ஒரு பக்கம் அடிச்சிருக்கேன். இதுக்கு மேல இங்க ஒக்காந்துகினு இன்னா பண்றது?"

தாளை வாங்கிப் பார்த்தேன். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கலந்து கொட்டிக் கிடந்தன. ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை.

ஒரு முழுப் பக்கத்தையும் கவனிக்காமல் எப்படி அடித்தார் என்று உங்களுக்குத் தோன்றலாம். நானாக இருந்தால் இரண்டாவது எழுத்திலேயே நிறுத்தியிருப்பேன். ஏனென்றால் எனக்கு டைப்பிங் தெரியாது. இரண்டு விரலால் குத்திவிட்டுத் திரையைப் பார்க்கிறவள் நான். முறையாகப் படித்தவர்கள் கண்ணை மூலப்பிரதியை விட்டு எடுக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அடித்ததைப் பார்ப்பது என்பதே அவமானம். மெஹர் அக்கா மிக நன்றாக அடிப்பவர் என்பதால்தான் ஒரு பக்கம் முழுக்கப் பாழாயிற்று.

அந்தத் தாளில் ஒரே ஒரு எழுத்து மட்டும் அடிக்கடி ஒழுங்காகத் தலைகாட்டியது. ம. பழைய முறையிலும் புதிய முறையிலும் ம ஒரே விசையில் இருக்கிறது — வலது கையின் நடுவிரலுக்குக் கீழே.

"அக்கா, இது உங்க கை இல்ல. நான்தான்."

"இன்னா சொல்ற?"

"நேத்து மத்தியானம் நீங்க சாப்பிடப் போனப்ப உங்க கீபோர்டைப் புது முறைக்கு மாத்தினேன். உங்ககிட்டச் சொல்லல. நோட்டீஸ்ல டிஃபால்ட்டுனு போட்டது அந்த அர்த்தத்துல இல்ல. கம்ப்யூட்டர்ல அதுக்கு வேற அர்த்தம்."

அக்கா நம்பவில்லை. கருணையால் நான் பொய் சொல்கிறேன் என்பது போலப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் ஆறுதல் வார்த்தை எடுபடாது. நிரூபிக்க வேண்டும். இரண்டு விசைப்பலகை வரைபடங்களையும் எடுத்து வந்து பக்கத்தில் பரப்பினேன். ஒரு பென்சில். தாளில் இருக்கும் எழுத்து புதிய முறையில் எந்த விசை, அதே விசை பழைய முறையில் எந்த எழுத்து? ஒவ்வொன்றாகத் திருப்பி மேலே எழுதிக்கொண்டே போனேன்.

முதல் சொல் வந்தது. மனுதாரர். இரண்டாவது, பணிவுடன். அக்கா நாற்காலியை இழுத்து நெருக்கமாகப் போட்டுக்கொண்டார். மூலப்பிரதியை எடுத்து, நான் எழுத எழுத அதோடு ஒத்துப் பார்த்தார். நான்கு வரி முடித்தோம். சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில் வரைக்கும்.

ஒரு எழுத்து பிசகவில்லை. மரத்துப்போன இரண்டு விரல்களும் தத்தம் இடத்துக்கு, அந்தந்த நேரத்துக்கு, சரியாகப் போய் வந்திருந்தன.

"அப்ப என் கை நல்லாத்தான் கீதா?"

"கை பாஸ் அக்கா. ஹையர்ல பாஸ்."

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப டிஃபால்ட் யாரு?"

"நான்தான்."

"ஆமா. சொல்ல வேண்டிய அன்னிக்கு ஆஜராவாதது நீதான்."

எழுந்து போகப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"இரு. அந்த கீபோர்ட நான் செட் பண்ணி வெச்சிருந்தேனே? போன வருசம் மெஷின சுத்தமா அழிச்சுப் புதுசா போட்டாங்களே, அப்ப நானே ஸ்க்ரீன்ல அந்த செட்டிங்ஸ் ஜன்னலத் தொறந்து, டைப்ரைட்டர் முறைன்னு பாத்து, ஓகே குடுத்தேன்."

"அது ஏற்கெனவே அதுலதானக்கா இருந்தது? எதுக்கு ஓகே குடுத்தீங்க?"

"இருந்தா இன்னா? நான் சொல்ல வேணாமா?"

என் நிரலில் இருந்த ஓட்டை இதுதான்.

ஓடிப்போய், மாற்றுவதற்கு முன் நகலெடுத்து வைத்திருந்த அவருடைய அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எங்கள் மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஓகே கொடுத்தால்தான் கோப்பில் ஒரு வரி எழுதும். யாரும் தொடாவிட்டால் அந்த வரியே இருக்காது. அக்காவின் கோப்பில் வரி இருந்தது. 'விசைப்பலகை: டைப்ரைட்டர்.' பழைய டிஃபால்ட்டும் அதுவேதான் என்பதால், என் நிரல் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு 'இவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை' என்று முடிவு கட்டிவிட்டது.

டீக்கடையில் நடப்பதுதான். மாஸ்டர் எல்லோருக்கும் சர்க்கரை போட்டே கொடுக்கிறார். ஒருவர் சும்மா வாங்கிக் குடிக்கிறார். இன்னொருவர் "எனக்கு சக்கர போட்டே குடுப்பா" என்று சொல்லி வாங்கிக் குடிக்கிறார். இரண்டு கிளாஸிலும் ஒரே டீ. நாளைக்குக் கடையில் சர்க்கரையைக் குறைப்பதென்றால், இரண்டு பேரும் ஒன்றா? முதல் ஆளுக்குத் தெரியாமல்கூடப் போகலாம். இரண்டாவது ஆள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார். கேட்க வேண்டும்.

நான் கிளாஸை மட்டும் பார்த்திருந்தேன். சொன்னாரா என்று பார்க்கவில்லை.

ஒன்பதாம் எண் இயந்திரத்தை உடனே பழையபடி மாற்றிக் கொடுத்தேன். மற்ற பதின்மூன்று கோப்புகளையும் திறந்தேன். இன்னும் நான்கு பேர் இதே போல, இருந்ததையே தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்திருந்தார்கள். நான்கு பேரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். கேட்டால் எல்லோரும் அக்கா சொன்னதையேதான் சொன்னார்கள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவர்களும் என்னிடம் கேட்கப் பயந்து, இரண்டு நாளாக ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

தனசேகர் சார் வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னா மேடம், பெரிய பேஜாரா கீதே. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. எல்லாம் ஒரே மாதிரி."

"சார், உங்க கம்ப்யூட்டர்ல கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால ஓடுது."

"அது சாயங்கால ட்ரெய்னுக்காக வெச்சது."

"திங்கட்கிழமை அதையும் மத்தவங்க மாதிரி ஆக்கிடலாமா?"

"அது நானா வெச்சது மேடம்."

"இதுவும் அவங்களா வெச்சதுதான் சார்."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "புதுசா வர்றவங்களுக்காவது ஒரே மாதிரி வை" என்றார். அதைத்தான் செய்யப் போகிறேன் என்றேன்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். இப்போது அது கோப்பில் இருக்கும் மதிப்பை ஒப்பிடுவதில்லை. வரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால், அதில் என்ன எழுதியிருந்தாலும் தொடாமல் போய்விடும். இல்லாவிட்டால், அப்போதும் தானாக மாற்றாது. திரையில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, இதுவரை இருந்தது வேண்டுமா, புதியது வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்கும். இனிமேல் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மட்டும் நேராகப் புதிய முறை. இத்தனைக்கும் நான் மாற்றியது சில வரிகள்தான். நான் எழுதிய நிரல்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று இங்கே பதிவு செய்கிறேன்.

புதிய நோட்டீஸ் வேண்டுமே? அதை எழுத நான் துணியவில்லை. மெஹர் அக்காவே எழுதித் தந்தார். கொடுக்காமல் கைப்பையில் வைத்திருந்த ராஜினாமா கடிதத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினார். 'இதுவரை எதையும் கேட்டு வாங்காதவர்கள் ஒன்பது பேர். திங்கட்கிழமை இவர்களைக் கேட்போம். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம்.' அலுவலகத் தமிழ், ஆங்கிலம் எல்லாம் படித்த எனக்கு டிஃபால்ட்டுக்கு இவ்வளவு நல்ல தமிழ் கிடைக்கவில்லை. கேட்டு வாங்காதது.

திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு இயந்திரங்களும் புதிய மென்பொருளோடு விழித்துக்கொண்டன. கேட்கப்பட்ட ஒன்பது பேரில் ஆறு பேர் புதிய முறையை எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேர் பழையதே போதும் என்றார்கள். இடதுகைக்காரரின் மவுஸ் இடது கையிலேயே இருந்தது. சுகுமாரின் படகு பாதியாகவே நின்றது. மேல்முறையீட்டுக்குப் போன கோப்புகள் மேல்முறையீட்டிலேயே இருந்தன. பத்து மணிக்கெல்லாம் மாடி முழுக்க விசைகளின் சத்தம். என்னை ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. பொதுவாக நான் என் முதுகில் தட்டிக்கொள்கிற ஆள் இல்லை. அன்று தட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் அக்கா கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தப் புதுசுல க-வ ரெண்டு தபா தட்டினா புள்ளி தானா வுழுமாமே? சுகுமாரு சொல்றான்."

"ஆமாக்கா. விரலுக்கு வேலை கம்மி. மாத்தித் தரட்டுமா?"

"காட்டு, பாக்கலாம்."

சுகுமாரின் இயந்திரத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். ஒரு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பக்கம், அக்கம், வழக்கு. புள்ளி வந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் புருவத்தை உயர்த்தினார். நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்றார். கால் மணி நேரம் ஆனது. பிறகு எழுந்து தன் இடத்துக்கே போனார்.

"என்னக்கா, வேணாமா?"

"இப்போதிக்கு வேணாம். தெரியாம வேணாங்கறது வேற, தெரிஞ்சுகினு வேணாங்கறது வேற."

ஒன்பதாம் எண் இயந்திரத்தில் அமைப்பு ஜன்னலைத் திறந்தார். டைப்ரைட்டர் முறை ஏற்கெனவே தேர்வாகித்தான் இருந்தது. நான் உதவியாக மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டு, ஓகே பட்டனை அவரே அழுத்தினார்.